வெயில் எண்

கிழவி என்று நான் சொல்வது ஒரு செயற்கைக்கோளை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அது மேலே போனது. அப்போது புத்தம் புதுசு, தகதகவென்று இருந்தது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வயதானது. ஆனால் பட்டப்பெயர் அதற்கு மட்டும்தான் வந்தது. என்னைக் கிழவி என்று சொல்ல எங்கள் அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டு. அவை எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே வளையத்தில், வரிசையாக நிற்கும். கிழவி அந்த வரிசையில் ஒருத்தி. கரை தெரியாத கடலில் போகும் கப்பல்களுக்கு அவள் வழியாகத்தான் பேச்சு. மாலுமி பெண்டாட்டியோடு சண்டை போடுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு டாக்டர் மருந்து சொல்வது, புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேப்டனுக்குத் தெரிவது, எல்லாம் அவள் வாய் வழியாக. அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவளுக்குச் சூடு அதிகமானால் எனக்கு வியர்க்கும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், ஏற்கனவே ஒரு மாமியார் மேலே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

வயதான கோளுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. வளையத்திலேயே செத்துக் கிடக்கக் கூடாது. செத்த கோளை நகர்த்த ஆளில்லை. அது வரிசையில் இருப்பவர்கள் மேலெல்லாம் இடிக்கும். அதனால் உயிர் இருக்கும்போதே, தன் சவத்தைத் தானே சுமந்துகொண்டு, இன்னும் உயரத்தில் இருக்கும் இடுகாட்டுக்கு ஏறிப்போய்விட வேண்டும். இடுகாடு என்பது நாங்கள் வைத்த பெயர்தான். யாருக்கும் வேண்டாத ஓர் உயரம், அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பயணத்துக்கு வேண்டிய எரிபொருளை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் செலவு செய்வோம். கிழவியின் தொட்டியில் அன்றைக்கு மிச்சம் இருந்தது அது மட்டும்தான். அவளுக்குப் பதிலாக வரவேண்டிய புதிய கோள் இன்னும் தரையில், ராக்கெட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் என் அண்ணி மூன்றாவது எச்சரிக்கையை அனுப்பினாள்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. உடைந்த ராக்கெட், செத்த கோள், கழன்ற மூடி என்று மேலே சுற்றும் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எங்கே போகும் என்று கணக்குப் போடுவது அங்கே அவள் வேலை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் மாடியில். காலையில், "பாத்ரூம்ல குடித்தனமே நடத்துறியா?" என்று கதவைத் தட்டியவள், அலுவலகம் போனதும், "மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று எனக்குக் கடிதம் எழுதுவாள். சாயந்திரம் இரண்டு பேரும் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவோம்.

அவள் எச்சரித்தது போர்வையைப் பற்றி. கோள்களுக்குக் குளிரும் சூடும் தாங்க, மினுமினுக்கும் மெல்லிய தாளை அடுக்கடுக்காகச் சுற்றி அனுப்புவார்கள். வருடக்கணக்காக வெயிலில் காய்ந்தால் அது உரியும். கேட்பாரற்ற ஒரு பழைய கோளிலிருந்து அப்படி ஒரு தாள் பிய்ந்து வந்திருந்தது. அண்ணியின் நிலையத்தில் அதற்கு வைத்த பெயர் போர்வை.

முதல் எச்சரிக்கை வந்தபோதே நான் கேட்டேன். "ஒரு தாளுக்கா இவ்வளவு பயம்? கிழவி பஸ் அளவு இருக்கா அண்ணி."

கொடியில் ஈரப் படுக்கை விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள் அண்ணி. காற்று அதை அவள் முகத்தில் அடித்தது. "இந்தத் தண்ணி டிரம்மைக் காத்து தள்ளுதா? இல்ல. விரிப்பைத் தள்ளுது பாரு. அங்க காத்து இல்ல, வெயில் இருக்கு. வெயிலும் தள்ளும்."

"வெயிலுக்கு என்ன கையா இருக்கு?"

"கை மாதிரிதான். ரொம்ப மெல்லிசான கை. ஆனா எடுக்கவே எடுக்காது. உன் கிழவி கனம், அவளுக்கு அது உறைக்காது. போர்வை பரப்புதான், எடையே கிடையாது. பாதிச் சுத்துல சூரியனை விட்டு விலகிப் போகும், அப்ப வெயில் முதுகுல கைவெச்சுத் தள்ளும். மீதிப் பாதில சூரியனைப் பாக்க வரும், அப்ப நெஞ்சுல கைவெச்சுத் தடுக்கும். தினம் தினம் இப்படி. வட்டமா சுத்தினது முட்டை மாதிரி நீண்டுடும். ஆறு மாசம் நீளும், ஆறு மாசம் சுருங்கும். நீளும்போது வளையத்துக்கு மேலயும் போகும், கீழயும் போகும், நடுவுல வளையத்தைக் கடக்கும்."

"கடந்துட்டுப் போகட்டுமே."

"துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக் கடக்கும்டி."

அதற்கு மேல் நான் கேலி பேசவில்லை. கிழவியைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை சொன்னபோதும் நகர்த்தினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை நகர்த்தியதில்தான் கைச்செலவுக்கான எரிபொருள் தீர்ந்தது.

போர்வை ஏன் சொன்ன இடத்துக்கு வருவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் வெயில் எண் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னாள். ஒரு பொருளை வெயில் எவ்வளவு தள்ளும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடுவார்களாம். தாள் விரிந்திருக்கிறதா, கசங்கிக் கிடக்கிறதா, புரண்டுகொண்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தொலைநோக்கியில் தெரிவது ஒரு புள்ளிதான். புள்ளி கணக்குச் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால், பொருந்தும் வரைக்கும் வெயில் எண்ணை ஏற்றி இறக்குவார்கள். அவர்கள் நிலையத்தில் அதற்கு ஒரு வாசகமே உண்டு: கணக்கு இடித்தால் வெயில் தலையில் கட்டு.

"உங்க ஆபீஸ்ல வெயில்தான் இளிச்சவாயா?" என்றேன்.

"அது எதுத்துப் பேசாதுல்ல," என்று சிரித்தாள். "போர்வையோட எண் ஒரு மாசம் ஏறுது, ஒரு மாசம் இறங்குது. புரளுதுன்னு நினைக்கிறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது எச்சரிக்கையைப் படித்ததும் எங்கள் மேலாளர் இரண்டு கைகளாலும் நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலைவலி. எப்போதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அவரால் எங்களுக்கு வருவதாலும்தான்.

"புலி வருது, புலி வருதுன்னு ரெண்டு தடவை ஓட விட்டாங்க. இப்ப மூணாவதா?"

"இந்தத் தடவை ரொம்பக் கிட்ட வருதுன்னு கணக்கு சொல்லுது சார்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்மா. உங்க அண்ணி சொல்றாங்கன்னு நீங்க..."

"அண்ணி சொன்னாங்கன்னுதான் சார் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி கேட்டேன். வேற யாராவது சொல்லியிருந்தா மொதல் தடவையே நம்பியிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருப்பது ஒன்று. இடித்தால் கிழவி நடு வளையத்தில் சிதறி, வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் எமன் ஆவாள். கொஞ்சம் விலகுவது இன்னொன்று. விலகினால் பிறகு இடுகாட்டுக்கு ஏற எரிபொருள் பத்தாது, செத்தபின் வளையத்திலேயே குப்பையாகக் கிடப்பாள். மூன்றாவது, இப்போதே இடுகாட்டுக்கு ஏறிவிடுவது. புதிய கோள் வரும்வரை கப்பல்களுக்குப் பேச்சு இருக்காது.

"கடல்ல இருக்கிறவனுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் தலைவலி.

பக்கத்துக் கோளின் சொந்தக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவசரச் செய்திக்கு மட்டும் இடம் வாங்கினேன். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் முன்னால் போய் நின்றேன்.

"நிச்சயமா அண்ணி?"

"நிச்சயம்னு இதுல எதையும் சொல்ல முடியாது. கணக்கு சொல்றதைச் சொல்றேன். மூணு வாரமா வானம் மூடிக் கிடக்கு, புதுசாப் பாக்கவும் முடியல."

"கணக்கை விடுங்க. என் இடத்துல நீங்க இருந்தா?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி மெக்கானிக்கான என் அண்ணன், "ரெண்டு பேரும் வானத்தைக் காப்பாத்துங்க, வீட்டுக் குழாயை நான் பாத்துக்கிறேன்," என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டான். வருடக்கணக்காக அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

"ஏறிடுவேன்," என்றாள் அண்ணி.

நான் அவள் சொல்லை நம்பி ஏற்றினேன். தலைவலியின் கையெழுத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

கப்பல்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பேச்சை நிறுத்தும் கட்டளையை நானே அனுப்பினேன். அந்த நேரத்தில் யாரோ ஒருவன் யாரிடமோ, "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பான் என்று தோன்றியது. பிறகு எஞ்சினை மூட்டி மூட்டி, நாள் நாளாக உயர்த்தினேன். கிழவி முனகாமல் ஏறினாள். இடுகாட்டு உயரத்துக்கு வந்து சேர்ந்தபோது அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். தலைவலிகூட நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

இடுகாட்டுக்குப் போனபிறகு செய்யவேண்டிய கடைசி வேலைகள் இருக்கின்றன. தொட்டியில் சொட்டு எரிபொருள்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பின்னொரு நாள் வெடிக்கலாம். அதனால் மிச்சத்தை வெளியே திறந்துவிட வேண்டும். பிறகு மின்கலத்தை வடித்து, கடைசியில், தன் நிலையை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் அவள் குரலை அணைக்க வேண்டும். தொட்டியை மறுநாள் காலையில் காலி செய்தேன். அழுத்தம் காட்டும் கோடு சரிந்து சரிந்து தரையோடு படுத்தது. அதற்குமேல் அவளால் அசைய முடியாது. மீதி வேலையைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் அண்ணி வந்தாள். எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. பார்வையாளர் அட்டையைச் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தாள். மூச்சு வாங்கியது. கேட்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியை என்னிடம் நீட்டினாள். தொலைநோக்கி எடுத்த படம். முந்தின இரவுதான் வானம் திறந்திருந்தது.

"நல்லாப் பாரு."

கறுப்புக்கு நடுவே ஒரு புள்ளி. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"பக்கத்துல இருக்கறது யாரு?"

"ரெண்டும் போர்வைதான். மொதல்லேர்ந்தே ரெண்டு." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ஒரே நாள்ல ஒரே இடத்துலேர்ந்து பிஞ்சிருக்கு. ஒண்ணு வெயிலுக்கு மூஞ்சியைக் காட்டும்போது இன்னொண்ணு ஓரத்தைக் காட்டும். ஓரம் தெரியாது. ஒரு நாள் இதைப் பாத்தோம், ஒரு நாள் அதைப் பாத்தோம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஒரே கோடு போட்டோம். கணக்கு இடிச்சப்பல்லாம் வெயில் எண்ணைத் திருகினோம். பொருந்திடுச்சு."

எனக்குப் புரிய நேரமெடுத்தது. "அப்ப எங்க மேல வர இருந்தது எந்தப் போர்வை?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நாங்களா போட்ட கோடு அது. அந்தக் கோட்டுல எதுவும் போகல."

தலைவலி பேய் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பேய்க்குத்தான் பயந்து ஓடியிருக்கிறோம். இன்னும் அவள் சொல்லி முடிக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"சரி, நிஜமா இருக்கற ரெண்டும் எங்க போகுது?"

"ஒண்ணு வளையத்துக்குக் கீழயே சுத்திட்டுப் போயிடும். இன்னொண்ணு மேல ஏறுது." என் கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். "இடுகாட்டு வழியா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. உன் கிழவி நிக்கற இடத்துக்கு ரொம்பக் கிட்ட. கொஞ்சம் நகத்திடு. கொஞ்சம் போதும்."

நான் அழுத்தக் கோட்டைக் காட்டினேன். தரையோடு படுத்திருந்த அந்தக் கோட்டை அவளும் படிக்கத் தெரிந்தவள்தான்.

"எப்ப திறந்துவிட்டே?"

"இப்பத்தான் அண்ணி. காலையில."

அவள் அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தியிருக்க வேண்டும். அவள் சட்டையில் தலைகீழாகத் தொங்கிய அட்டையைக் கழற்றி நேராகக் குத்தினேன்.

மறுநாள் எல்லாரும் வந்து நின்றோம். செய்வதற்கு எதுவும் இல்லை. மின்கலத்தை வடித்துக் குரலை அணைத்துவிடச் சொன்னார் தலைவலி. விதிப்படி அதுதான் சரி. அணைத்துவிட்டால் எது நடந்தாலும் நமக்குக் கேட்காது. நான் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அண்ணி என் பின்னால் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லி யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கார் கண்ணாடிகளில் பட்டுக் கண் கூசியது. யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

கிழவி எப்போதும்போலப் பேசிக்கொண்டிருந்தாள். சூடு சரி, மின்சாரம் சரி, நிற்கும் நிலை சரி. அந்தச் சரி, சரியைக் கேட்கக் கேட்க, கணக்கு இந்தத் தடவையும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நம்ப ஆரம்பித்தேன். இரண்டு தடவை பொய்த்தது, மூன்றாவது தடவை பேயாகப் போனது, நான்காவது மட்டும் பலிக்குமா? அண்ணியைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

இடது பக்கச் சூரியத் தகட்டின் மின்சாரம் பூஜ்யத்துக்குப் போனது. சத்தம் எதுவும் இல்லை. எண்தான் மாறியது. அடுத்து, நிலை காட்டும் எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. குரல் அறுந்தது. மறுபடி வந்தது. மறுபடி அறுந்தது. அவள் உருண்டுகொண்டிருந்தாள். முகம் எங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்து வந்தது. பிறகு வரவில்லை.

நான் அழுதேன். இரும்புப் பெட்டிக்காகவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

"இருந்த இடத்துலயே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "ராத்திரி கணக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டுமே அந்தப் பக்கம் வரல." அதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டையும் போடவில்லை. பாத்ரூம் கதவைத் தட்டுவதுகூட நின்றுபோனது. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் ஒருநாள் குழாயை நிஜமாகவே சரிசெய்துவிட்டான். சொட்டும் சத்தமும் போனபிறகு அந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை.

அலுவலகத்தில் தலைவலி அறிக்கை தயாரித்தார். "வெயில் அழுத்தத்தில் ஏற்பட்ட எதிர்பாராத மாறுதல்னு போட்டுடலாம்மா. உங்க அண்ணிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

"வெயில் என்ன சார் மாறுச்சு? அது அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே மாதிரிதான் அடிக்குது."

அவர் நெற்றியைத் தேய்த்தார். அறிக்கை அவர் சொன்னபடிதான் போனது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை.

புதிய கோள் வந்து கிழவி நின்ற இடத்தில் நின்றது. கப்பல்களுக்குப் பேச்சு வந்தது. புதிய கோளுக்குக் குட்டி என்று பெயர் வைத்தார்கள். பளபளவென்று, தொட்டி நிறைய எரிபொருளோடு இருக்கிறது. அதன் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேலே உருண்டுகொண்டிருப்பவள்தான் நினைவுக்கு வந்தாள். கனமான உடம்பு இடுகாட்டைவிட்டு எங்கும் போகாது. ஆனால் இடித்ததில் அவள் மேல் சுற்றியிருந்த தாளெல்லாம் கிழிந்து பறந்திருக்குமே என்ற எண்ணம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒரே ஆளோடு நான் பேசுவதில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனேன். அண்ணி தனியாகப் படுக்கை விரிப்பைக் கொடியில் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். காற்று அதை இழுத்தது. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் உதறிப் போட்டோம். வெயில் தலையில் சுள்ளென்று இறங்கியது.

"நாளைக்கு உனக்கு ஒரு லெட்டர் வரும்," என்றாள், கவ்வியை மாட்டிக்கொண்டே.

"மதிப்பிற்குரிய அம்மையீர்?"

"ம்." இன்னொரு கவ்வியை மாட்டினாள். "கிழவியோட தாள். அது சுத்துற வட்டம் முட்டையா நீள ஆரம்பிச்சிடுச்சு. கீழ வளையத்துக்கு வருது. குட்டி பக்கம்."

"ஒண்ணா, ரெண்டா அண்ணி?"

"தெரியல. ஒரு புள்ளிதான் தெரியுது."

"கணக்கோட பொருந்துதா?"

அவள் அடுத்த துணியைக் குனிந்து எடுத்தாள். பிழிந்தாள். ஏற்கனவே பிழிந்த துணிதான் அது.

"மொதல்ல பொருந்தல," என்றாள். "வெயில் எண்ணை ஏத்தினேன். பொருந்துற வரைக்கும் ஏத்தினேன்."

"அண்ணி."

"வேற என்ன பண்றது, சொல்லு," என்றாள். அவள் என்னிடம் நிஜமாகவே கேட்டாள்.

வாளியிலிருந்த இன்னொரு விரிப்பை எடுத்து, முதல் விரிப்புக்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்த்துப் போட்டோம். முன்னாலிருந்து பார்த்தால் ஒரே விரிப்புதான் தெரிந்தது.